பழைய மாவு மில்லைத் தீவன மில்லாக மாற்றுவது எப்படி?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உங்களில் பலருடைய தோட்டத்துச் சாளையிலோ வீட்டுக் கொட்டகையிலோ பழைய மாவு மில் ஒன்று சும்மா கிடக்கலாம். ஒரு காலத்தில் ஆயில் எஞ்சினால் ஓடியிருக்கும். ஊரார் வரிசையில் நின்று சோளமும் கம்பும் அரைத்துச் சென்றிருப்பார்கள். பிறகு எஞ்சின் பழுதாகியிருக்கும். கடைகளில் பாக்கெட் மாவு வந்திருக்கும். இப்போது அதன்மேல் கோழி அடைந்துகொண்டிருக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடைக்குக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

அதை அவரிடம் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். சப்பாத்திக்கு மாவு அரைக்கத் தகுதி இழந்துவிட்ட மில்லும், கறவை மாட்டுக்குத் தீவனம் உடைக்கப் போதுமானதாக இருக்கும். மாட்டுத் தீவனத்திற்கு மெல்லிய மாவு தேவையில்லை. கொரகொரப்பான குருணையே ஏற்றது. சொந்தச் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, மூட்டைத் தீவனத்தை அதிக விலைக்கு வாங்குகிற நிலையை இந்தப் பழைய மில் ஓரளவு மாற்றும்.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலையை அரைகுறையாகச் செய்வதைவிட, மில்லை எடைக்குப் போட்டுவிடுவதே நல்லது. ஏன் இவ்வாறு கூறுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் ஊர் தாராபுரம் வட்டாரத்தில் உள்ளது. என் தந்தையார் 1984ஆம் ஆண்டு ஒரு தட்டு மில்லும் அதை ஓட்ட 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சினும் வாங்கினார். நானும் என் அண்ணனும் படித்தது அந்த மில்லின் வருமானத்தில்தான். பின்னர் எஞ்சின் நின்றது, மில்லும் நின்றது. 2018ஆம் ஆண்டு அண்ணன் நான்கு கறவை மாடுகள் வாங்கியபோது, மில்லை மின்மோட்டாரில் ஓட்டித் தீவனம் அரைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்.

பழைய மோட்டார் ஒன்று கிடைத்தது. எஞ்சினின் புல்லி மோட்டாரில் பொருந்தவில்லை. பழைய சாமான்களுக்குள் கிடந்த 8 அங்குலப் புல்லி ஒன்று பொருந்தியது. அதையே மாட்டினோம். பழைய தட்டை பெல்ட்டையே போட்டோம். ஒரு மெயின் சுவிட்சைச் சுவரில், மில்லுக்குப் பின்புறம் பொருத்தினோம். ஸ்டார்ட்டர் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். பெல்ட்டுக்குக் காப்புக் கூடும் பிறகு செய்துகொள்ளலாம் என்றேன்.

ஓட்டிய மூன்றாம் நாள், மில் அலறுகிற அலறலில் பெல்ட் புல்லியை விட்டு ஓரமாக நகர்ந்தது. எஞ்சின் காலத்தில் மெதுவாக ஓடும் பெல்ட்டைக் குச்சியால் தள்ளிவிட்டுப் பழகியவர் அண்ணன். அன்றும் அவ்வாறே தள்ளினார். பெல்ட்டின் இணைப்புக் கொக்கி அவருடைய சட்டைக் கையைப் பற்றியது. தந்தையார் மில்லைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சுவிட்சை இழுப்பதற்குள் வலக்கையின் ஆட்காட்டி விரல் நுனியும் நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன.

ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா, எத்தனை செடி என்று உங்களுக்குக் கணக்குச் சொல்கிறவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய புல்லிக் கணக்கை அன்று நான் போடவில்லை. மில்லை உடனே விற்றுவிடலாம் என்று மருத்துவமனையில் அண்ணனிடம் சொன்னேன். "மிசினு மேல என்ன தம்பி தப்பு? கணக்குப் போடாம ஓட்டுனது நாம" என்றார் அவர்.

கைக்கட்டு அவிழ்த்த பிறகு, லேத் பட்டறை வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மூவரும் அந்த மில்லை முதலிலிருந்து பிரித்துச் செய்தோம். நான் பொறியியல் படித்தவன் அல்லன். அன்று கற்றுக்கொண்டதையே வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில்: பழுது பார்க்கத் தகுந்ததா?

மில்லின் உடல் வார்ப்பிரும்பு. அழுக்கையும் பழைய பெயிண்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கிக் கோடாகத் தெரியும். புல்லியையும் சுழலும் தட்டின் தாங்கியையும் தனியே தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. உடைந்த பானைபோல் மந்தமாக ஒலித்தால் வெடிப்பு உண்டு என்று சந்தேகிக்க வேண்டும்.

அசையாமல் நிற்கும் பாகத்தில் உள்ள சிறு வெடிப்பைத் தேர்ந்த பட்டறையில் சரிசெய்ய இயலலாம். சுழலும் பாகத்தில் வெடிப்பு இருந்தால் அதை ஒட்டவைத்து ஓட்டவே கூடாது. மாற்றுப் பாகம் கிடைக்காவிட்டால், அந்த மில்லை எடைக்குப் போடுவதில் வருத்தம் வேண்டாம்.

பிரித்தலும் சுத்தம் செய்தலும்

துரு ஏறிய போல்ட்டுகளை ஆத்திரப்பட்டுத் திருகினால் தலை முறியும். மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் திருகுங்கள். எந்தப் பாகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு, சென்டர் பஞ்சால் இணையும் இரு பாகங்களிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி வையுங்கள். சாக்பீஸ் குறி எண்ணெயில் அழிந்துவிடும். தண்டின் முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். இடையில் ஒரு கட்டையை வைத்து அடியுங்கள். முனை நசுங்கினால் புல்லியும் பேரிங்கும் ஏறா.

தண்டும் பேரிங்கும்

தண்டைப் பேரிங்கில் வைத்துக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது என்று பொருள். குண்டு பேரிங்காக இருந்தால் அதன் வளையத்தில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்கலாம். கன்மெட்டல் புஷ்ஷாக இருந்தால் லேத் பட்டறையில் தண்டின் அளவுக்குக் கடைந்து தருவார்கள். தண்டு தேய்ந்திருந்தால் முதலில் தண்டைச் சரிசெய்துவிட்டு அதற்கேற்பப் புஷ் போட வேண்டும்.

தட்டு மில்லில் மற்றோர் இடத்தையும் கவனிக்க வேண்டும். தட்டுகளுக்கிடையே தானியம் நசுங்கும்போது, அந்த விசை தண்டை நீளவாக்கில் பின்னுக்குத் தள்ளும். அதைத் தாங்குவதற்குத் தண்டின் கடைசியில் ஒரு தனி அமைப்பு உண்டு. அது தேய்ந்தால் தட்டுகளின் இடைவெளி ஓடஓட மாறும். குருணை ஒரே சீராக வராது. பல நேரங்களில் 'தட்டு போய்விட்டது' என்று நாம் புதுத் தட்டு வாங்குகிறோம். உண்மையில் போனது பின்புறத் தாங்கியாக இருக்கும்.

தண்டு வளைந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ஒரு சாக்பீஸை அசையாத தாங்கலில் வைத்துத் தண்டின் அருகே மெல்லக் கொண்டுசெல்லுங்கள். சுற்றிலும் ஒரே அளவாகக் கோடு விழுந்தால் தண்டு நேராக உள்ளது. ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் மேடு. அதைப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அடித்து நிமிர்த்த வேண்டாம்.

வேகக் கணக்கு

இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரின் வேகத்தை மோட்டார் புல்லியின் குறுக்களவால் பெருக்கினால் வரும் தொகையும், மில்லின் வேகத்தை மில் புல்லியின் குறுக்களவால் பெருக்கினால் வரும் தொகையும் சமமாக இருக்கும்.

எங்கள் ஆயில் எஞ்சின் நிமிடத்திற்கு 650 சுற்று சுற்றியது. எஞ்சின் புல்லி 12 அங்குலம். மில் புல்லியும் 12 அங்குலம். ஆகவே மில்லும் 650 சுற்றே சுற்றியது. அது அந்த மில்லுக்கு உரிய வேகம். நாங்கள் மாட்டிய மோட்டாரின் வேகம் 1440 சுற்று. அதில் 8 அங்குலப் புல்லியைப் போட்டோம். 1440ஐ 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 960. அதாவது, 650 சுற்று ஓட வேண்டிய மில் 960 சுற்று ஓடியது.

ஏறக்குறைய ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கலாம். சுழலும் பொருள் தன்னைத்தானே வெளியே இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சிறிது எடை பிசகிய தட்டு பெரும் அதிர்ச்சியைக் கொடுக்கும். பெல்ட் துள்ளும், பேரிங் சுடும், தானியமும் கருகிய வாசனையுடன் சூடாக விழும். எங்கள் மில் அலறியதற்கும் பெல்ட் ஓரம் நகர்ந்ததற்கும் காரணம் இதுவே.

சரியான கணக்கு இது: 650ஐ 12ஆல் பெருக்கினால் 7800. அதை 1440ஆல் வகுத்தால் சுமார் 5.4 அங்குலம். பட்டறையில் ஐந்தரை அங்குலத்தில் மோட்டார் புல்லி கடைந்து வாங்கினோம். மில் இப்போது 660 சுற்று ஓடுகிறது.

உங்கள் மில்லின் வேகம் வேறாக இருக்கலாம். மில்லின் பெயர்ப் பலகையிலோ பழைய எஞ்சினின் பலகையிலோ வேகம் குறிக்கப்பட்டிருக்கும். மோட்டார்களிலும் 2880 சுற்று ஓடும் வகை உண்டு. பலகையைப் படிக்காமல் புல்லி வாங்கவே வேண்டாம். பலகை அழிந்திருந்தால், அதே வகை மில்லை ஓட்டுபவரிடம் சென்று அவருடைய மோட்டார் வேகத்தையும் இரு புல்லிகளையும் அளந்து, இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட்

சிறிய மோட்டார் புல்லியில் தட்டை பெல்ட் வழுக்கும். எனவே இரண்டு புல்லிகளையும் காடி வெட்டிய புல்லிகளாக மாற்றி, 'வி' பெல்ட் போடுவதே நன்று. எங்கள் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 'பி' அளவில் இரண்டு பெல்ட்டுகள் போட்டுள்ளோம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் சுமை முழுவதும் புதியதன்மேல் விழும்.

புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரு புல்லிகளின் முகத்தையும் ஒட்டி ஒரு சணல் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். இரு புல்லிகளிலும் இரு ஓரங்களாக மொத்தம் நான்கு இடங்களிலும் கயிறு ஒரே நேரத்தில் தொட வேண்டும். தொடாவிட்டால் மோட்டாரை நகர்த்திச் சரிசெய்யுங்கள். இதற்காக மோட்டாரை நகர்த்தக்கூடிய இரும்புத் தண்டவாளத்தின்மேல் பொருத்துவது நல்லது. பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால், இரண்டு அடி நீளத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்குமேல் தொய்ந்தால் வழுக்கும். அதற்குமேல் இறுக்கினால் பேரிங்கைத் தின்னும்.

மின் இணைப்பு

இந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். பம்புசெட்டுக்கு அளிக்கப்பட்ட விவசாய இணைப்பிலிருந்து மில்லுக்குக் கம்பி இழுக்கக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து உரிய இணைப்பைப் பெறுங்கள். மும்முனை மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி நில இணைப்புகள் வேண்டும்.

ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். சுமை மிகுந்தால் அது மோட்டாரை நிறுத்தும். மின்சாரம் நின்று மீண்டும் வந்தாலும், நாம் பொத்தானை அழுத்தும்வரை மில்லை ஓடவிடாது. பம்புசெட்டுக்குப் போடுகிற தானியங்கி ஸ்டார்ட்டரை மில்லுக்குப் போட்டுவிடாதீர்கள். மின்தடையின்போது தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்டார்ட்டரை, தானியம் கொட்டுகிறவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பொருத்துங்கள். எங்கள் வீட்டில் தந்தையார் மில்லைச் சுற்றி ஓடிய அந்தச் சில அடிகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

பெல்ட்டை மாட்டுவதற்குமுன் மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் தானியத்தை உள்ளே தள்ளும் திருகு, வெளியே தள்ளும். மூன்று முனைகளில் இரண்டை மாற்றி இணைத்தால் திசை மாறிவிடும். சரியான திசையை மில்லின் உடலில் அம்புக்குறியாகப் பெயிண்டால் வரைந்துவிடுங்கள்.

காப்புக் கூடு

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதனால்தான் 1983ஆம் ஆண்டு அபாயகரமான இயந்திரங்கள் முறைப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் செய்து விற்கப்படும் இயந்திரங்களைக் கவனிக்கும். நம் கொட்டகையில் நாமே மாற்றியமைக்கும் இயந்திரத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

பட்டை இரும்பால் சட்டம் செய்து, விரல் நுழையாத கம்பி வலை அடித்து, பெல்ட்டும் இரு புல்லிகளும் எல்லாப் பக்கமும் மறையும்படி கூடு போடுங்கள். அதைக் கட்டுக்கம்பியால் கட்டாமல் போல்ட்டுப் போட்டு முடுக்குங்கள். கம்பியால் கட்டிய கூடு ஒரு வாரத்தில் சுவரோரம் சாய்ந்து நிற்கும். தண்டின் வெளிமுனைக்கும் ஒரு மூடி வேண்டும். மில் ஓடும்போது துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் அருகில் செல்லக் கூடாது. அடைத்துக்கொண்டால் முதலில் மில்லை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு, பிறகே திறக்க வேண்டும்.

ஓட்டும் முறை

தொடங்குமுன் கைச்சக்கரத்தைத் திருப்பித் தட்டுகளை விலக்கி வையுங்கள். தானியமின்றித் தட்டும் தட்டும் உரசினால், ஒரு நிமிடத்தில் பல நாள் தேய்மானம் ஏற்படும். வெறுமனே ஓடவிட்டு, முழு வேகம் வந்தபின் தானியத்தைச் சிறிதாக விட்டு, பிறகு தட்டுகளை நெருக்கித் தேவையான பருவத்தில் பூட்டு நட்டை முடுக்குங்கள். நிறுத்தும்போது முதலில் தானியத்தை நிறுத்தி, தட்டுகளை விலக்கி, கடைசியாக மோட்டாரை நிறுத்துங்கள்.

முதல் நாள் அரைப்பதில் துருவும் இரும்புத் துகளும் எண்ணெயும் கலந்திருக்கும். எனவே ஐந்து பத்துக் கிலோ கழிவுத் தானியத்தை அரைத்துக் குப்பைக் குழியில் கொட்டிவிடுங்கள். தானியத் தொட்டியின் உட்புறம் பெயிண்ட் அடிக்க வேண்டாம். தொட்டியின் வாயில் ஒரு காந்தத்தைப் பொருத்தினால், ஆணியும் கம்பித்துண்டும் தட்டுக்குள் செல்லா; மாட்டின் வயிற்றுக்கும் செல்லா.

தீவனம்

மக்காச்சோளம் அல்லது சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ என்று கலந்தால் 100 கிலோ அடர்தீவனம் ஆகும். இது ஓர் எடுத்துக்காட்டே. உங்கள் மாட்டின் பால் அளவுக்கும் பசுந்தீவன இருப்புக்கும் ஏற்பக் கால்நடை மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தானியத்தைக் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவைத்தே அரைக்க வேண்டும். ஈரத் தானியம் தட்டில் அப்பும். அரைத்த தீவனமும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது மாட்டைப் பாதிப்பதோடு பாலிலும் இறங்கும். அரைப்பதால் அந்த நஞ்சு போய்விடாது. ஆகவே ஒரு வாரத்திற்குத் தேவையானதை மட்டும் அரைத்து வையுங்கள்.

உழவர் பெருமக்களே,

இன்று எங்கள் மில்லை ஓட்டுபவர் என் அண்ணன்தான். ஞாயிறுதோறும் ஒரு வாரத் தீவனத்தை அரைத்துவிடுகிறார். நான் ஊருக்குச் சென்றால் மில்லைத் தொடுமுன் என்னைக் கூட்டின் போல்ட்டுகளை முடுக்கிப் பார்க்கச் சொல்வார். முடுக்கியபின்தான் பொத்தானை அழுத்துவார். 650, 12, 1440 என்ற எண்களையும் அவற்றின் கணக்கையும் அந்தக் கூட்டின்மேல் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். மோட்டாரை யார் எப்போது மாற்றினாலும் அந்தக் கணக்கைப் பார்க்காமல் மாற்ற முடியாது.

உங்கள் கொட்டகையில் கிடக்கும் மில்லுக்கும் முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள். கூட்டையும் ஸ்டார்ட்டரையும் வாங்கப் பணம் சேரும்வரை மோட்டாரை மாட்டாமல் பொறுத்திருங்கள். அவ்வளவு காலம் சும்மா கிடந்த மில், இன்னும் ஒரு மாதம் கிடப்பதால் கெட்டுவிடாது. இம்முறைகளைக் கடைப்பிடித்து, பழைய மில்லைப் பயனுள்ளதாக்கி, கைக்கு ஊறின்றிப் பயனடையுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.